சவரியக்கா கேட்ட ஒரு வரி

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். புதுக்கோட்டையில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, வழக்கமான மரத்தடியில் மேசையைப் போட்டு, வாரிசுச் சான்றிதழ் கேட்டு ஒரு பெரியவருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். கீரமங்கலத்திலிருந்து தோழர் முத்துக்குமார் போன் செய்தார். "தோழர், சவரியக்கா போயிட்டாங்க. காலையில டீ குடிச்சிட்டு சாஞ்சு ஒக்காந்தாங்க, அவ்வளவுதான்," என்றார். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். மகன் திருப்பூரிலிருந்து வரவேண்டும், நாளைக் காலை என்றார். போனை வைத்துவிட்டு, பெரியவருக்கு மனுவை முடித்து, எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது துக்கம் இல்லை. இனிமேல் எங்கள் கட்சிக் குழுவின் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. பதினெட்டு வருடமாக அந்த மனுஷி என்னிடம் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதவில்லை. அவர் இல்லை என்றதும் மனசு ஒரு கணம் லேசாகிவிட்டது. பிறகுதான் என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு கீரமங்கலம் பஸ்ஸைப் பிடித்தேன்.

தோழர் சவரியம்மாளைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு நாலு வார்த்தை. கறம்பக்குடிப் பக்கம் பிறந்து, கீரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர். கிணறு வெட்டப் போன கணவர் மண் சரிந்து இறந்தபோது மகனுக்கு நாலு வயது. அதிலிருந்து அடுத்தவர் தோட்டத்தில் பூப் பறித்துத்தான் ஜீவனம். முல்லை, காக்கட்டான், சம்பங்கி, எந்தக் காலத்துக்கு எது பூக்கிறதோ அது. முப்பது வயதுக்கு மேல் சங்க அலுவலகத்தில் நடந்த மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். பதினேழு பேர் கொண்ட எங்கள் மாவட்டக் குழுவில் பல வருடம் அவர் ஒருவர்தான் பெண். நான் அந்தக் குழுவின் மினிட்ஸ் எழுதுகிறவன். மனு எழுதிப் பிழைப்பவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

என்னைவிட நாலு வயது மூத்தவர். வெளியில் பார்த்தால் 'தம்பி' என்பார். கூட்டத்துக்குள் 'தோழர்' என்பார். வெளியிலும் 'தோழர்' என்று கூப்பிட்டாரென்றால் நான் ஏதோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் நான் நிறையவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவரை முதன்முதலில் நான் கவனித்தது கீரமங்கலம் கடைவீதியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில். பூ விலை தரைமட்டமாகிக் கிடந்த சமயம். விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்று எங்கள் பேச்சாளர் ஒரு மணி நேரம் முழங்கினார். கீழே பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, "பூ வெலை ஏறணும்கிறீங்க, சரிங்க. ஏறுனா பறிக்கிறவளுக்கு எம்புட்டு ஏறும்னு சொல்லவே இல்லையே?" என்று கேட்டார். பேச்சாளர் கொஞ்சம் தடுமாறி, விலை ஏறினால் கூலியும் தானாக ஏறும் அம்மா என்றார். "எங்களுக்கு எதுங்க இதுவரைக்கும் தானா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதமே பூப் பறிக்கும் பெண்களைத் திரட்டி ஒரு கிளை அமைத்தோம். அவர்தான் கிளைச் செயலாளர்.

எங்கள் மாவட்டக் குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலை பத்து மணிக்கு என்று தகவல் போகும். பதினொன்றரைக்குத் தொடங்கும். அரசியல் நிலைமை, விவசாயம், கூலி, விலைவாசி, நூறு நாள் வேலை, பத்திரிகைச் சந்தா என்று நிகழ்ச்சி நிரல் நீண்டுகொண்டே போகும். கடைசியில் 'இதர விஷயங்கள்'. பெண்கள் சம்பந்தப்பட்ட எதுவானாலும் அந்த இதரவில்தான் வரும். இதர வரும்போது மாலை ஐந்தரை ஆகியிருக்கும். ஐந்தே முக்காலுக்குக் கீரமங்கலம் பஸ். சவரியக்கா பேச வாயைத் திறக்கும்போது பாதிப் பேர் பையை எடுத்து மடியில் வைத்திருப்பார்கள்.

ஒரு நாள் அவர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். நாங்கள் வந்து பார்த்தால் கரும்பலகையில் நிகழ்ச்சி நிரல் தலைகீழாக இருக்கிறது. ஒன்று, இதர விஷயங்கள். இரண்டு, பத்திரிகைச் சந்தா. கடைசியாக அரசியல் நிலைமை. அன்றைய மாவட்டச் செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்ன தோழர் இது?" என்றார். "நாட்டு நெலமையைக் கடேசியில பேசுவோம் தோழர். அது எங்கிட்டும் ஓடிராது. எனக்குத்தான் பஸ்ஸு போயிரும்," என்றார் சவரியக்கா. எல்லோரும் சிரித்தோம், செயலாளரும் சிரித்தார். மனைவியை அடித்துக் கையை ஒடித்த ஒரு கிளை உறுப்பினரைப் பற்றி அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசி, அவரை நீக்கினோம். அடுத்த கூட்டத்தில் நிகழ்ச்சி நிரல் பழையபடி ஆனது. எழுதியவன் நான்தான். ஏன் பழையபடி எழுதினேன் என்று கேட்டால் பழக்கம் என்பதுதான் பதில்.

இனி அந்த நிலத்தின் கதைக்கு வருகிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்னும் வம்பு வரும், அதனால் பொட்டல் என்றே சொல்கிறேன். கறம்பக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அரசுத் தரிசு, தைலமரக் கட்டையும் கருவேல முள்ளுமாகக் கிடந்த இடம். அறுபது குடும்பங்கள் அதை வெட்டிக் கொத்தித் திருத்தினார்கள். கட்டையைப் பிடுங்கியதில் பாதி, முள்ளைச் சுமந்ததில் முக்கால்வாசி பெண்கள்தான். வழக்கு, மறியல், சிறை என்று ஏழு வருடம் போராடினோம். கடைசியில் பட்டா கொடுக்கிறோம், யார் யாருக்கு என்று பட்டியல் கொடுங்கள் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. பட்டியலை எழுதியதும் நான்தான். அறுபது பெயர்களில் இரண்டு விதவைகளைத் தவிர மற்ற எல்லாம் ஆண்கள்.

மாவட்டக் குழுவில் அந்தப் பட்டியலை வைத்தபோது சவரியக்கா எழுந்தார். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் பட்டா கேட்க வேண்டும் என்றார். செயலாளர் கெட்டவர் இல்லை. அவரும் இப்போது இல்லை, அதனால் கவனமாகச் சொல்கிறேன். பொட்டலுக்காக மூன்று முறை சிறைக்குப் போனவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் வைத்துக்கொள்ளாதவர். "தோழர், நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா மொதல்ல நெலம் வரட்டும். இன்னொரு ஊர்ல இப்படித்தான் பட்டியல்ல திருத்தம்னு இழுத்தோம். அதிகாரி மாறிட்டாரு, ஆட்சி மாறிடுச்சு. நாப்பது குடும்பம் இன்னைக்கும் ரோட்டோரத்துல கெடக்கு. வயித்துப் பிரச்சினைய முடிச்சுட்டு, பேரு பிரச்சினைக்கு வருவோம்," என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அந்த நாற்பது குடும்பங்களை எனக்கும் தெரியும். தேர்தலும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

சவரியக்கா என் பக்கம் திரும்பினார். "தோழர், நீங்க மனு எழுதுறவரு. ஒருத்தர் பேருல இருக்கற பட்டாவுல இன்னொரு பேரைச் சேக்க எத்தனை வருசம் ஆவும்? இவங்களுக்குச் சொல்லுங்க," என்றார்.

எனக்குத் தெரியும். பெயர் மாற்றச் சொல்லி மனு எழுதித்தான் நான் சாப்பிடுகிறேன். சில மனுக்களை அம்மாவுக்கும் எழுதி, அவள் செத்த பிறகு மகளுக்கும் எழுதியிருக்கிறேன். கணவன் சம்மதிக்காமல் மனைவி பெயரைச் சேர்ப்பது நடக்கிற காரியமே இல்லை என்பதும் தெரியும். செயலாளர் என்னைப் பார்த்தார். "அது... கேஸுக்கு கேஸ் மாறும் தோழர்," என்றேன்.

வாக்கெடுத்தார்கள். பட்டியலை அப்படியே அனுப்பலாம் என்பதற்குப் பதினாறு கைகள், என் கையும் சேர்த்து. எதிர்ப்பு என்றபோது ஒரே ஒரு கை. அப்போது அவர் என்னிடம், "எதிர்ப்பு ஒண்ணு, சவரியம்மாள்னு எழுதிக்கங்க தோழர்," என்றார். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே எவ்வளவு அடித்துக்கொண்டாலும் மினிட்ஸில் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்றுதான் எழுதுவோம். எந்த விதியிலும் அது இல்லை. எனக்கு முன்னால் எழுதியவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன். செயலாளர், "வழக்கப்படியே எழுதுங்க," என்றார். எழுதினேன்.

சவரியக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு தோழர்," என்றார். என் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து, என் பேனாவையே வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி ஏதோ எழுதினார். எழுதி முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதை மடித்து அந்தப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். எல்லோரும் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். 'நான் கை தூக்கினேன். வேண்டாம் என்றேன். சவரியம்மாள்' என்று இருந்தது. தூக்கி எறிய மனசு வரவில்லை. ஒட்டவும் தைரியம் இல்லை. அங்கேயே விட்டுவிட்டேன்.

அடுத்து அவர் செய்ததைத்தான் இந்தக் காலத்துத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குழுவின் முடிவைப் பொட்டலில் போய் விளக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். பெண்களிடம் பெண் சொன்னால் எடுபடும் என்பது கணக்கு. அவர் மறுக்கவில்லை. நானும் கூடப் போனேன். வேப்பமரத்துக்குக் கீழே பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பாக்கியம் என்று ஒரு பெண், கைக்குழந்தையோடு முன்னால் உட்கார்ந்திருந்தவர், "அக்கா, எங்க பேரும் அதுல இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இல்லத்தா. வீட்டுக்கு ஒரு பேருதான். கட்சி முடிவு," என்றார் சவரியக்கா.

"நீங்களும் அங்க இருந்தீங்கல்லக்கா?"

"இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், ஒத்தை ஆளாகக் கை தூக்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழுவுக்குள் நடந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. பாக்கியம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். முள்ளுச் சுமக்கையில் கூடவே சுமந்த அக்கா, தங்கள் பெயரை விற்றுவிட்டாள் என்று அந்தப் பெண்கள் நம்பினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சவரியக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கறம்பக்குடி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "ஏன் சொல்லலேன்னு கேக்குறியா தம்பி? கட்சி ஒரு தடவ ரெண்டா நின்னா நெலமும் வராது," என்றார். நான் கேட்டிருக்கவே இல்லை.

பட்டா வந்தது. ஊரே கொண்டாடியது. செயலாளரைத் தோளில் தூக்கினார்கள். அவர் சொன்னபடி வயிறும் நிரம்பியது, அதை மறைக்க முடியாது. பாக்கியம் கணவன் பெயரில் வந்த நிலத்தில் தென்னங்கன்று வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். அவன் வெளிநாடு போனான். இரண்டு வருடம் பணம் அனுப்பினான். பிறகு ஊர் திரும்பி, வேறு ஒரு ஊரில் வேறு ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். இது உலகத்தில் எங்கும் நடக்காத அதிசயம் இல்லை.

பிறகு அந்தப் புயல் வந்தது. எந்தப் புயல் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. விழுந்த மரத்துக்கு நிவாரணம் அறிவித்தார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் போகும் என்றார்கள். அவன் அதை வாங்கிக்கொண்டான். பட்டாவின் நிபந்தனைப்படி நிலத்தை விற்க முடியாது. அதனால் நீண்ட குத்தகை என்று யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பாக்கியம் தன் தோப்பிலேயே கால் வைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

அவரை என் மேசைக்கு அழைத்து வந்தது சவரியக்காதான். அத்தனை வருடமாக முகம் கொடுத்துப் பேசாத பாக்கியத்தை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்திருந்தார். "தம்பி, நல்லா எழுதணும். கலெக்டர் படிச்சா கண்ணு கலங்கணும்," என்றார். நான் எழுதத் தொடங்கினேன். பெயர், ஊர், சர்வே எண் எல்லாம் கேட்காமலே எனக்குத் தெரியும், பட்டியல் நான் எழுதியது. பாதி எழுதும்போது பாக்கியம் சொன்னார், "இந்தக்கா அன்னைக்கு அந்தக் கூட்டத்துல எங்களுக்காவ ஒரு வார்த்தை பேசிருந்தாங்கன்னா, நான் இன்னைக்கு இங்கிட்டு வந்து நிக்க மாட்டேங்க."

சவரியக்கா தலையைக் குனிந்துகொண்டார். காலால் கீழே கிடந்த ஒரு சருகைத் தள்ளினார். பேனா என் கையில் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். இல்லம்மா, இவங்க பேசினாங்க, இவங்க ஒருத்தர்தான் பேசினாங்க, இவங்களோட சேந்து கை தூக்காதது நான்தான். குனிந்து மனுவை எழுதினேன். கட்டுப்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரியான வார்த்தை. யார் மேல் பயம் என்று கேட்டால், எதிரில் நின்ற பாக்கியத்தின் மேல்தான்.

பாக்கியம் மனுவைக் கொடுக்க உள்ளே போனதும் சவரியக்கா என் எதிரில் உட்கார்ந்தார். "ரெண்டு டீ சொல்லு தம்பி," என்றார். டீ வந்தது, குடித்தோம். "கோவமாக்கா?" என்று கேட்டேன். "கோவப்பட்டா நீ எழுதிருவியா? அந்த ஒத்த வரியை எழுதிருப்பா. நான் செத்தா யாரு சொல்றது?" என்றார். அப்போதும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். தோழர் என்று கூப்பிட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மனு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மனு எழுதினோம், அவையும் ஆகவில்லை.

சில வருடம் கழித்து எங்கள் மாவட்ட மாநாட்டில், நிலப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. மேலிருந்து வந்தது. முன்பு சவரியக்கா கேட்டதை எதிர்த்து உயர்ந்த அதே கைகள் எல்லாம் மளமளவென்று உயர்ந்தன. நீண்ட கைதட்டல். தீர்மானத்தை முன்மொழிந்தவரும் ஆண், வழிமொழிந்தவரும் ஆண். சவரியக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து, "இதையாச்சும் ஏகமனதான்னு உண்மையா எழுதலாம்," என்றார். பிறகு சாம்பாரை வாங்கிக்கொண்டு, "ஆமா, ஒன் வீட்டுப் பட்டா யாரு பேருல இருக்கு தம்பி?" என்று கேட்டார். என் பெயரில்தான் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே ரசம் கேட்டார். மறு வாரமே என் மனைவி பெயரைச் சேர்க்க மனுக் கொடுத்தேன். எனக்கு நானே எழுதிக்கொண்ட அந்த மனுவே முடிய ஒன்றரை வருடம் ஆனது.

புதன்கிழமை காலை அடக்கம். மாதாகோயில் மணி அடிக்க, பெட்டியின் மேல் கட்சிக் கொடி போர்த்தி எடுத்துப் போனோம். பூப் பறிக்கும் பெண்கள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் பாக்கியம் நிற்பதைப் பார்த்தேன். உள்ளே வரவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கீரமங்கலத்தில் நினைவேந்தல் கூட்டம் என்று முடிவானது. அஞ்சலித் தீர்மானத்தை நான் படிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் இப்போதைய செயலாளரைப் போய்ப் பார்த்தேன். பழைய மினிட்ஸில் ஒரு தவறு இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல பிள்ளை. "பழைய மினிட்ஸைத் தொடுறது சரியா வராது தோழர். ஆனா நீங்க சொல்றதால அடுத்த குழுவுல வெப்போம். இதர விஷயங்கள்ல போடச் சொல்றேன்," என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, பீரோ சாவியை வாங்கி, பழைய புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் சீட்டு அப்படியே இருந்தது. மடிப்பு மட்டும் பழுத்துப் போயிருந்தது.

கூட்டத்தில் அஞ்சலித் தீர்மானத்தைப் படித்தேன். தியாகம், உழைப்பு, ஈடுசெய்ய முடியாத இழப்பு, எல்லாம் நான் எழுதியதுதான். படித்துவிட்டு இறங்கவில்லை. பொட்டல் பட்டியலைப் பற்றி அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். பதினாறு கை எப்படி உயர்ந்தது, அதில் ஒன்று யாருடையது, எதிர்த்த ஒரே கை யாருடையது, மினிட்ஸில் நான் என்ன எழுதினேன், எல்லாம். சீட்டை எடுத்துப் படித்தேன். மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழு விஷயத்தை வெளியில் பேசியதற்கு என் மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கட்டும். எனக்கு வயது அறுபத்தேழு. எதிர்ப்பு ஒன்று என்று எழுதினால் மட்டும் போதும்.

கடைசி வரிசையிலிருந்து பாக்கியம் எழுந்து வந்தார். மேடைக்குக் கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். கூட்டம் முழுக்கக் கேட்கும்படியாகத்தான் பேசினார், ஆனால் சத்தம் போடவில்லை.

"அன்னைக்கு ஒங்க மேசை முன்னாடி நான் அவங்களை அப்புடிச் சொன்னப்ப, ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும்மா," என்றேன்.

"தெரிஞ்சுக்கிட்டா குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எத்தனையோ வருசம் அவங்க வீட்டு வாசலைத் தாண்டித்தான் சந்தைக்குப் போவேன். வா ஆத்தான்னு கூப்புடுவாங்க. மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவேன்," என்றார். பிறகு கையை நீட்டினார். "அந்தச் சீட்டைக் கொடுங்க."

அது கட்சி ஆவணம், மினிட்ஸ் புத்தகத்தில் இருந்தது என்று மேடையிலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார். நான் கொடுத்துவிட்டேன். பாக்கியம் அதைப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார், உதடு அசைந்தது. தான் கற்ற அதே மாலை வகுப்பில் சவரியக்கா பின்னாளில் சொல்லிக் கொடுத்தபோது எழுத்துக் கற்றவர் அவர். படித்துவிட்டு, மடித்த மடிப்பிலேயே மடித்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே இறங்கிக் கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கமாக நடந்தார். பூப் பறிக்கும் பெண்கள் சிலர் எழுந்து பின்னால் போனார்கள். மற்றவர்களின் உரையைக் கேட்க நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

இப்படி எழுதும்போது, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது என்று ஒன்றைச் சொல்லி முடிப்பது வழக்கம். அவர் துணிச்சலை வைத்துக்கொண்டேன் என்று நான் சொன்னால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். அவர் கையால் எழுதிய ஒரே தாள் என்னிடம் இருந்தது, அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. மினிட்ஸ் புத்தகத்தை இன்னும் பீரோவில் திருப்பி வைக்கவில்லை, என் மேசை மேல்தான் இருக்கிறது. சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தாள் பழுப்பேறியிருக்கிறது. 'ஏகமனதாக' என்ற சொல் மட்டும் மங்காமல், முத்து முத்தாக இருக்கிறது. அது என் எழுத்து. அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் அக்கா.